புனித லொயோலா இஞ்ஞாசியார்

புனித லொயோலா இஞ்ஞாசியார் (1491 – ஜூலை 31, 1556) இயேசு சபையை நிறுவிய கத்தோலிக்கக் குருவும் புனிதரும் ஆவார். ஸ்பெயின் நாட்டுப் படைவீரராக இருந்த இவர், போரில் காயமுற்றுப் படுக்கையில் இருந்தபோது புனிதர்களின் வரலாறுகளை வாசித்து மனம் மாறினார். ஆன்மிகப் பயிற்சிகள் என்னும் நூல் இவர் எழுதியதாகும்.

இளமை

இவர் ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில், அஸ்பெய்த்தியா ஊருக்கு அருகிலுள்ள லொயோலா கோட்டையில் பிரபுக் குடும்பமொன்றின் கடைசிப் பிள்ளையாகப் பிறந்தார். இயற்பெயர் இனிகோ. காஸ்தில் அரசின் கருவூல அதிகாரியின் இல்லத்தில் வளர்ந்து, அரசவை நடைமுறைகளையும் வாட்பயிற்சியையும் கற்றார். புகழ் பெறுவதே இவரது இளமைக்கால வேட்கையாக இருந்தது.

காயமும் மனமாற்றமும்

மே 20, 1521 அன்று பாம்பலோனா கோட்டையைப் பிரெஞ்சுப் படை தாக்கியபோது, பீரங்கிக் குண்டு ஒன்று இவரது வலக்காலை முறித்தது. கோணலாகக் கூடிய எலும்பு காலணிக்கு மேல் துருத்தித் தெரியும் என்பதால், மயக்க மருந்து இல்லாத அக்காலத்தில் அதை அறுத்து நீக்கச் செய்தார். ஆயினும் வாழ்நாள் முழுவதும் சற்றே நொண்டி நடந்தார்.

பொழுதுபோக்க வீரசாகசக் கதைகளைக் கேட்டார். வீட்டில் அவை இல்லை. சாக்சனி நாட்டு லுடோல்ஃப் எழுதிய கிறிஸ்துவின் வாழ்வும், புனிதர் வரலாறுகளின் தொகுப்பு ஒன்றும் மட்டுமே கிடைத்தன. அவற்றை வாசிக்கையில், அசிசியின் பிரான்சிசும் தோமினிக்கும் செய்தவற்றைத் தாமும் செய்தால் என்ன என்று எண்ணினார். உலகப் புகழைப் பற்றிய கற்பனைகள் இன்பம் தந்து, பின் வெறுமையை விட்டுச் சென்றன. புனிதர்களைப் பின்பற்றும் எண்ணங்களோ முடிந்த பின்னும் அமைதியைத் தந்தன. இந்த வேறுபாட்டைக் கவனித்ததே இறைவன் மனிதரிடம் செயல்படும் விதத்தைப் பற்றி இவர் கற்ற முதல் பாடமாகும்.

மன்ரேசா

1522ஆம் ஆண்டு மார்ச்சில் மொன்செராத் மடத்து அன்னை மரியாவின் பீடத்தில் தம் வாளை வைத்துவிட்டு, மன்ரேசா என்னும் ஊரில் ஏறத்தாழ பதினொரு மாதங்கள் பிச்சையெடுத்து வாழ்ந்தார். புனிதர்களை விஞ்ச விரும்பிக் கடுந்தவம் மேற்கொண்டார். பழைய பாவங்கள் மன்னிக்கப்படவில்லையோ என்னும் ஐயம் இவரைத் தற்கொலை எண்ணம் வரை தள்ளியது. உண்ணாதிருந்து வேண்டியதைப் பெற்ற ஒரு புனிதரின் கதையை நினைத்து ஒரு வாரம் உணவின்றி இருந்தார்; ஒப்புரவுக் குரு கட்டளையிட்ட பின்னரே உண்டார். பின்னர் மிகையான தவங்களைக் கைவிட்டார். புனிதர்களின் செயல்களை அப்படியே நகலெடுப்பதைவிட, அவர்களை வழிநடத்திய இறைவன் தம்மிடம் கேட்பது எதுவெனத் தேர்ந்து தெளிவதே முதன்மையானது என்னும் கருத்து இவரது போதனையின் மையமாயிற்று. ஆன்மிகப் பயிற்சிகள் நூலின் அடிப்படைக் குறிப்புகள் இங்கேயே எழுதப்பட்டன.

கல்வியும் இயேசு சபையும்

1523இல் எருசலேமுக்குத் திருப்பயணம் சென்றார். அங்கேயே தங்க விரும்பினாலும், பிரான்சிஸ்கன் துறவியர் அனுமதிக்கவில்லை. எனவே முப்பது வயதைக் கடந்த நிலையில் பார்சலோனாவில் சிறுவர்களுடன் அமர்ந்து இலத்தீன் கற்றார். அல்கலா, சலமான்கா நகரங்களில் இறையியல் கல்லாமலேயே ஆன்மிகம் கற்பிக்கிறார் என்று ஐயுற்று, திருச்சபை அதிகாரிகள் இவரை விசாரித்துச் சிறையிலிட்டனர். இவரது போதனையில் தவறேதும் காணப்படவில்லை.

1528இல் பாரிசுக்குச் சென்ற இவருக்கு பீட்டர் ஃபேபரும் பிரான்சிஸ் சவேரியாரும் அறைத்தோழர்களாயினர். ஆகஸ்ட் 15, 1534 அன்று மோன்மார்த்ர் குன்றில் எழுவர் வார்த்தைப்பாடு அளித்தனர். செப்டம்பர் 27, 1540 அன்று திருத்தந்தை மூன்றாம் பவுல் இயேசு சபைக்கு ஒப்புதல் அளித்தார். மறு ஆண்டில் இஞ்ஞாசியார் அதன் முதல் தலைவரானார். இவர் அனுப்பிய சவேரியார் 1542இல் கோவாவை அடைந்து, முத்துக்குளித்துறைப் பரதவரிடையே பணியாற்றினார்.

இறுதிக்காலமும் புனிதர் பட்டமும்

சபைத் தோழர்களின் வேண்டுகோளுக்கிணங்க, 1553 முதல் 1555 வரை தம் வாழ்வை கொன்சால்வெசு த காமரா என்னும் குருவிடம் கூறினார். தம்மைத் திருப்பயணி என்றே அதில் குறிப்பிட்டார். உரோமையில் இவர் இறந்தபோது சபையில் ஏறத்தாழ ஆயிரம் பேர் இருந்தனர்.

மார்ச் 12, 1622 அன்று திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி இவருக்கும் சவேரியாருக்கும் புனிதர் பட்டம் வழங்கினார். இவரது திருவிழா ஜூலை 31. 1925இல் இயேசு சபையினர் தொடங்கிய சென்னை லொயோலா கல்லூரி இவரது பெயரைத் தாங்கியுள்ளது.