மளிகைக் கடையில் தொடங்கிய குடிமைப் பாடம்

பள்ளிச் சமூக அறிவியல் நூலில் மாணவர் மிக விரைவாகக் கடந்துசெல்லும் பகுதி குடிமையியல். வரலாற்றுக்குப் போர்கள் உண்டு. புவியியலுக்கு வரைபடங்கள் உண்டு. குடிமையியலில் எஞ்சுவன சட்டப்பிரிவு எண்களும் அவைகளின் உறுப்பினர் எண்ணிக்கையுமே. குடியரசுத் தலைவரை எவ்வாறு தேர்ந்தெடுக்கிறோம் என்று பிழையின்றி எழுதும் மாணவருக்குத் தம் தெரு எந்த வார்டில் உள்ளது என்பது தெரிவதில்லை. இப்பாடத்தை எவ்வாறு கற்பிப்பது என்ற கேள்வி எழும்போதெல்லாம் என் நினைவுக்கு வருபவர், மகா கனம் வி.எஸ். சீனிவாச சாஸ்திரியார்.

மயிலாப்பூர் லஸ் பகுதியில் ரானடே நூலகத்தைச் சேர்ந்த அரங்கம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அங்கு கச்சேரி கேட்க வருவோரிடம் அவரைப் பற்றி நான் உசாவியதுண்டு. ஆங்கிலத்தை அழகாகப் பேசியவர் என்பதற்கு மேல் அறிந்திருந்தவர் மிகச் சிலரே. பேச்சாற்றல் அவருக்குப் புகழைத் தந்தது. அப்புகழே அவருடைய மற்றப் பணிகளை மறைத்தும்விட்டது.

1869 செப்டம்பர் 22 அன்று கும்பகோணத்தை அடுத்த வலங்கைமானில், வறிய வைதிகக் குடும்பமொன்றில் பிறந்தவர் சாஸ்திரியார். கும்பகோணத்தில் பயின்று பட்டம் பெற்றார். சேலத்தில் ஆசிரியராகப் பணியாற்றிப் பின்னர் சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமை ஆசிரியரானார். அவருடைய பொதுவாழ்வின் முதற்படி எந்த அரசியல் மேடையிலும் அமையவில்லை. 1904-இல் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தவர்களுள் அவரும் ஒருவர். இன்றும் சென்னைவாசிகள் டி.யு.சி.எஸ். என்று அழைக்கும் சங்கம் அது. நடுத்தரக் குடும்பங்களுக்கு நியாய விலையில், சரியான எடையில் அரிசியும் பருப்பும் கிடைக்கச் செய்வதே அதன் நோக்கம்.

இதன் அரசியல் பொருளை நாம் எளிதில் தவறவிட்டுவிடுகிறோம். அந்நாளில் தம்மை ஆளும் அரசைத் தேர்ந்தெடுக்கும் உரிமை சாமானிய இந்தியனுக்கு இல்லை. கூட்டுறவு நெறியிலோ, பங்கு எத்தனை வைத்திருந்தாலும் உறுப்பினர் ஒருவருக்கு ஒரு வாக்குதான். கணக்கைக் கேட்கலாம், நிர்வாகியை மாற்றலாம், தம் கருத்து தோற்றால் பெரும்பான்மையின் முடிவுக்குக் கட்டுப்பட்டு அடுத்த கூட்டத்துக்கும் வரவேண்டும். நாட்டுக்குக் கிடைக்காத குடியாட்சியை ஒரு மளிகைக் கடை அதன் உறுப்பினருக்குக் கற்பித்துக்கொண்டிருந்தது.

1907-இல் அவர் பள்ளிப் பணியைத் துறந்து, கோபாலகிருஷ்ண கோகலே புணேயில் நிறுவியிருந்த இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்தார். குறைந்த ஊதியத்தில் வாழ்நாள் முழுவதையும் பொதுப்பணிக்கு அளிப்பவர்களின் அமைப்பு அது. 1915-இல் கோகலே மறைந்தபின் அதன் தலைமை சாஸ்திரியாரிடம் வந்தது. சென்னை சட்ட மேலவையிலும், பின்னர் தலைநகரில் இம்பீரியல் சட்டமன்றத்திலும் அவர் உறுப்பினரானார்.

அவர் மிதவாதி, ஆட்சியாளரின் நம்பிக்கைக்கு உரியவர் எனக் கருதப்பட்டவர். விசாரணையின்றிச் சிறையிலடைக்க வழிசெய்யும் ரௌலட் மசோதா 1919 பிப்ரவரியில் வந்தபோது, அந்த மிதவாதிதான் அதை மிகக் கடுமையாக எதிர்த்தார். பார்வையாளராக அங்கிருந்த காந்தியடிகள், வைஸ்ராயே மெய்ம்மறந்து அவ்வுரையைக் கேட்டதாகத் தம் சுயசரிதையில் பதிவு செய்திருக்கிறார். ஆயினும் மசோதா சட்டமாயிற்று.

அதன்பின் இருவரும் இரு வழியில் சென்றனர். சென்னை கதீட்ரல் சாலை வீடொன்றில் ராஜாஜியின் விருந்தினராகத் தங்கியிருந்தபோதுதான், நாடு தழுவிய கடையடைப்பு என்ற எண்ணம் காந்தியடிகளுக்குத் தோன்றியது. சாஸ்திரியார் அச்சட்டத்தை எதிர்த்தார். சத்தியாகிரகத்தையும் ஏற்க மறுத்தார். சட்டத்தை மீறும் பழக்கம் மக்களிடம் பரவினால், நாளை நாமே இயற்றும் சட்டங்களுக்கும் மதிப்பிராது என்பது அவருடைய அச்சம். இவ்வளவு மாறுபாட்டுக்கு இடையிலும் அவர்களுடைய நட்பு முறியவில்லை. காந்தியடிகள் இறுதிவரை அவரைத் தமையனாகவே மதித்தார்.

1926-இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தின் கமலா சொற்பொழிவுகளை நிகழ்த்த அழைக்கப்பட்டபோது, இந்தியக் குடிமகனின் உரிமைகளும் கடமைகளும் என்பதையே அவர் பொருளாக எடுத்துக்கொண்டார். அடையாற்றைத் தம் இருப்பிடமாகக் கொண்ட அன்னி பெசன்ட் அம்மையாரும் அவருக்கு முன் அதே வரிசையில் உரையாற்றியவர். எழுதப்பட்ட அடிப்படை உரிமை எதுவும் இல்லாத, சொத்தும் வரியும் உள்ள சிலருக்கே வாக்குரிமை இருந்த ஒரு நாட்டில், குடிமகன் என்ற சொல்லையே அவர் முன்கூட்டி நட்டுவைத்தார். நம் அரசமைப்புச் சட்டம் உரிமைகளை 1950-இல் உறுதி செய்தது. அடிப்படைக் கடமைகள் 42-ஆம் திருத்தத்தின் வழியே 1976-இல்தான் இடம்பெற்றன. சாஸ்திரியார் இரண்டையும் ஒரே தலைப்பில் பேசி அப்போது 50 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அடுத்த ஆண்டு அவர் தென்னாப்பிரிக்காவில் இந்திய அரசின் முதல் ஏஜெண்டாகப் பொறுப்பேற்றார். அங்கு இந்தியப் பிள்ளைகளின் கல்விக்காக நிதி திரட்டினார். டர்பன் நகரில் 1929-இல் திறக்கப்பட்ட சாஸ்திரி கல்லூரி அம்முயற்சியின் பயன். 1935 முதல் 1940 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தார். 1944-இல் மயிலாப்பூரில் அவர் ஆற்றிய இராமாயணச் சொற்பொழிவுகள் நூலாக வந்து இன்றும் படிக்கப்படுகின்றன.

அவரைக் குறையற்றவராக நான் காட்ட விரும்பவில்லை. பேரரசின் நல்லெண்ணத்தில் அவர் வைத்த நம்பிக்கையை வரலாறு பொய்யாக்கியது. வாக்குரிமை அனைவருக்கும் வந்ததற்கு மனுக்கள் மட்டும் காரணமல்ல. சிறை சென்றவர்களும் அடிபட்டவர்களுமே பெருங்காரணம். தென்னாப்பிரிக்காவில் அவர் துணைநின்ற கேப்டவுன் உடன்பாட்டில், இந்தியர் தாயகம் திரும்ப ஊக்கத்தொகை வழங்கும் ஏற்பாடும் இருந்தது. அங்கு வாழ்ந்த இந்தியர் பலருக்கு அது கசந்தது. மக்கள் திரள் அவரைப் பின்பற்றவில்லை என்பதும் உண்மை.

ஆயினும் விடுதலைக்குப் பின் நமக்குத் தேவைப்படும் பண்புகளை எண்ணிப் பார்க்கிறேன். சங்கத்தின் வரவுசெலவைப் படிப்பது, கூட்டத்தில் எழுந்து கேட்பது, கருத்து மாறுபட்டவரைப் பகைவராக்காமல் இருப்பது ஆகிய இவற்றையெல்லாம் அவர் வாழ்ந்து காட்டினார். 1946 தொடக்கத்தில் தியாகராய நகரில் இந்தி பிரசார சபையின் வெள்ளி விழாவுக்கு வந்த காந்தியடிகள், நோயுற்றிருந்த சாஸ்திரியாரைத் தேடிச் சென்று பார்த்தார். அவ்வாண்டு ஏப்ரல் 17 அன்று சாஸ்திரியார் மறைந்தார். அடுத்த ஆண்டு வந்த விடுதலையைக் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

நாம் அதைக் கண்டோம், வாக்குரிமையையும் பெற்றோம். ஆனால் சென்னை மாநகராட்சிக்கு 2016 முதல் 2022 வரை தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லை. அது நம்மில் எத்தனை பேரின் உறக்கத்தைக் கெடுத்தது? 2022 பிப்ரவரியில் 200 வார்டுகளுக்கும் தேர்தல் வந்தபோது, நகரின் வாக்காளரில் பாதிக்கும் குறைவானோரே வாக்களித்தனர். படித்தவர் மிகுந்த நகரம் என்ற பெருமைக்கு இது அழகன்று.

பள்ளிகளுக்கு என் வேண்டுகோள் எளியது. குடிமையியல் வகுப்பை ஆண்டுக்குச் சில நாள்களேனும் அறைக்கு வெளியே நடத்துங்கள். மாணவர்கள் தம் வார்டு உறுப்பினரைச் சந்திக்கட்டும். தெருவின் மழைநீர் வடிகாலுக்கு ஒதுக்கிய தொகை எவ்வளவு என்று முறைப்படி எழுதிக் கேட்கட்டும். பள்ளிக்குள் ஒரு கூட்டுறவு அங்காடி நடத்தி, கணக்கைத் தாமே தணிக்கை செய்து, நிர்வாகியைத் தாமே தேர்ந்தெடுக்கட்டும். தலைமை ஆசிரியர் ஒருவர் 1904-இல் துணைநின்று தொடங்கிய பாடம் இது. அதற்குப் பெரிய நிதி தேவையில்லை. ஒரு வரவுசெலவுக் குறிப்பேடும், அதைத் திறந்து காட்டும் மனமும் போதும்.