காற்றின் மேல் உருண்ட சக்கரம் – ஜான் பாய்டு டன்லப்



நம்ம சுவரில் காந்தி தாத்தா, காமராசர், அப்துல் கலாம் எல்லோரும் வந்துவிட்டார்கள். இந்த முறை ஒரு மாட்டு டாக்டர் வருகிறார். மாட்டு டாக்டருக்கு இங்கே என்ன வேலை என்று யாரும் சிரிக்க வேண்டாம். அம்பத்தூர் பக்கம் பஸ்ஸில் போனவர்களுக்கு டன்லப் என்று ஒரு ஸ்டாப் தெரியும். பல பேர் அதை ஒரு கம்பெனியின் பெயர் என்றுதான் நினைக்கிறார்கள். கம்பெனிக்கு முன்னாடி அது ஒரு மனிதரின் பெயர். இன்று சைக்கிளில் வந்த எல்லோரும் அவர் கண்டுபிடிப்பின் மேல் உட்கார்ந்துதான் வந்தீர்கள்.

ஜான் பாய்டு டன்லப் 1840-ஆம் ஆண்டு பிப்ரவரி 5-ஆம் நாள் ஸ்காட்லாந்தில் ட்ரெகார்ன் என்ற ஊரில் பிறந்தார். எடின்பரோ நகரத்தில் கால்நடை மருத்துவம் படித்தார். 1867-இல் அயர்லாந்துக்குப் போனார். பிறகு பெல்ஃபாஸ்ட் நகரத்தில் வைத்தியம் பார்த்தார். அந்தக் காலத்தில் வண்டி இழுப்பது எல்லாம் குதிரைதான். அதனால் குதிரை வைத்தியருக்கு நல்ல கூட்டம். அயர்லாந்திலேயே பெரிய கால்நடை மருத்துவமனைகளில் அவருடையதும் ஒன்று. கிண்டி ரேஸ் கோர்ஸ் பக்கம் வளர்ந்தவர்களுக்கு, குதிரை டாக்டர் என்றால் எவ்வளவு மதிப்பு என்று சொல்ல வேண்டியதில்லை. அவருக்கு ஒரு மகள், ஒரு மகன். நம் கதைக்கு மகன்தான் முக்கியம்.

அந்தப் பையன் ஒரு மூன்று சக்கர சைக்கிள் வைத்திருந்தான். அப்போ சைக்கிள் சக்கரத்தில் டியூப் கிடையாது. இரும்பு ரிம், அதன் மேல் கெட்டியான ரப்பர் பட்டை, அவ்வளவுதான். பெல்ஃபாஸ்ட் தெருக்கள் கல் பாவிய தெருக்கள். ஒவ்வொரு கல்லும் பையனின் முதுகெலும்பில் தெரியும். நம்ம ஊரில் மழைக்குப் பிறகு ஜல்லி பெயர்ந்த ரோட்டில், டியூபில் காற்றே இல்லாமல் ஒருநாள் ஓட்டிப் பாருங்கள், அப்போ புரியும். (ஓட்டாதீர்கள், ரிம் கெட்டுப் போகும்.)

டன்லப்புக்கு சைக்கிள் தொழில் தெரியாது. ஆனால் ரப்பரில் வேலை செய்து நல்ல பழக்கம் உண்டு. 1887-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் அவர் ஒரு வட்ட மரப்பலகையை எடுத்தார். மெல்லிய ரப்பர் தாளில் குழாய் மாதிரி ஒரு டியூப் செய்து அதைச் சுற்றி வைத்தார். மேலே துணியால் மூடி, காற்று அடித்தார். இதோடு நிறுத்தியிருந்தால் அவர் பெயர் இங்கே வந்திருக்காது என்பது என் கருத்து. ஏன் என்றால், அடுத்து அவர் செய்ததுதான் பெரிய விஷயம்.

பையனின் சைக்கிளில் இருந்து ஒரு சக்கரத்தைக் கழற்றினார். பழைய சக்கரம் ஒன்று, காற்றடைத்த புதுச் சக்கரம் ஒன்று. இரண்டையும் வீட்டு முற்றத்தில் உருட்டி விட்டார். பழைய சக்கரம் கொஞ்ச தூரம் போய் ஆடி விழுந்துவிட்டது. புதுச் சக்கரம் முற்றம் முழுவதும் ஓடி, கேட் தூணில் மோதி, திரும்பி வந்தது. மிஷினும் இல்லை, கணக்கும் இல்லை. இரண்டு சக்கரம், ஒரு முற்றம். பார்த்தவுடன் தெரிந்துவிட்டது.

மெத்து மெத்து என்று இருக்கும் சக்கரம் எப்படி வேகமாக ஓடும்? கெட்டியாக இருந்தால்தானே ஓடணும் என்று தோன்றும். அதன் காரணம் இதுதான். கெட்டி சக்கரம் ஒரு சின்னக் கல்லின் மேல் ஏறினால், சக்கரம், சைக்கிள், ஆள் எல்லாம் சேர்ந்து கொஞ்சம் மேலே தூக்கப்படும். ஒவ்வொரு கல்லுக்கும் இப்படித் தூக்குவதற்கு நாம் மிதித்த சக்திதான் செலவாகிறது. காற்று டயரில் கல் பட்ட இடம் மட்டும் உள்ளே அமுங்கும், கல் போனதும் பழையபடி வரும். மற்றதெல்லாம் நேராகப் போகும். உடம்புக்கு சுகம் வேண்டும் என்று செய்தது, வேகத்தையும் சேர்த்துக் கொடுத்தது.

1888-ஆம் ஆண்டு டிசம்பர் 7-ஆம் நாள் டன்லப்புக்கு காப்புரிமை கிடைத்தது. அடுத்த வருஷம் மே 18-ஆம் நாள் பெல்ஃபாஸ்டில் குயின்ஸ் காலேஜ் விளையாட்டு விழா. வில்லி ஹியூம் என்ற வீரர் காற்று டயர் போட்ட சைக்கிளோடு வந்தார். தடியான டயரைப் பார்த்து மைதானத்தில் எல்லோரும் சிரித்தார்கள். மற்ற வீரர்கள் மெல்லிசான கெட்டி டயர் வைத்திருந்தார்கள். அன்று நடந்த நாலு சைக்கிள் போட்டியிலும் ஹியூம்தான் முதல்! பிறகு இங்கிலாந்தில் லிவர்பூல் போய் அங்கேயும் ஒன்றைத் தவிர எல்லாவற்றிலும் ஜெயித்தார். அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை, எல்லோரும் டயர் கேட்டு வந்தார்கள்.

தோற்றவர்களில் ஹார்வி டு க்ராஸ் என்பவரின் மகன்களும் இருந்தார்கள். அவர் டப்ளின் நகரத்து வியாபாரி, சைக்கிள் சங்கத் தலைவர். பிள்ளைகள் தோற்றால் நம்ம வீட்டில் கோபம்தான் வரும். அவருக்கு யோசனை வந்தது. டன்லப்போடு சேர்ந்து 1889-இல் டப்ளினில் டயர் கம்பெனி தொடங்கினார். டன்லப் தன் காப்புரிமையை கம்பெனிக்குக் கொடுத்தார்.

அப்போதுதான் இடி விழுந்தது. காப்புரிமை கிடைத்து இரண்டு வருஷத்தில், அது செல்லாது என்று அரசாங்கக் கடிதம் வந்தது. ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற இன்னொரு ஸ்காட்லாந்துக்காரர், இதே காற்றுச் சக்கரத்துக்கு 1845-லேயே காப்புரிமை வாங்கியிருந்தார். அப்போது தாம்சனுக்கு வயசு 23தான். குதிரை வண்டிக்குப் போட்டு ஓட்டியும் காட்டினார். ஆனால் அன்று ரப்பர் விலை அதிகம், மிதிக்கிற சைக்கிளும் வரவில்லை. ஊரே அவரை மறந்துவிட்டது. தாம்சன் 1873-இல் இறந்தார். டன்லப் அவரைப் பார்த்து எழுதவில்லை, தனியாகவேதான் கண்டுபிடித்தார். ஆனாலும் சட்டம் யார் முதல் என்றுதான் பார்க்கும். தாம்சனுக்கு பஸ் ஸ்டாப் எதுவும் இல்லை என்பது எனக்கு வருத்தம்தான்.

கம்பெனியைக் காப்பாற்றியது வேற ஒருத்தர் கண்டுபிடிப்பு. டன்லப்பின் முதல் டயர் ரிம்மோடு ஒட்டப்பட்டது. பஞ்சர் ஆனால் கழற்றவே பெரும்பாடு. 1890-இல் வெல்ச் என்பவர், ஓரத்தில் கம்பி வைத்துக் கழற்றி மாட்டும் டயரைச் செய்தார். பஞ்சர் கடையில் டயர் விளிம்பைத் தொட்டுப் பாருங்கள், அந்தக் கம்பி இன்னும் இருக்கிறது. அந்த உரிமையை கம்பெனி வாங்கிப் பிழைத்துக் கொண்டது. டன்லப் 1895-இல் கம்பெனியை விட்டு விலகினார். அடுத்த வருஷமே டு க்ராஸ் கம்பெனியை 30 லட்சம் பவுனுக்கு விற்றார். வாங்கியவர் அதையே 50 லட்சம் பவுனுக்கு விற்றார். கண்டுபிடித்தவருக்கு அந்தப் பணம் வரவில்லை. அவருடைய தாடி வைத்த முகம் மட்டும் விளம்பரத்தில் நன்றாக ஓடியது.

காற்று டயர் வந்ததால், சின்ன இரண்டு சக்கரம் வைத்த சைக்கிள் குலுங்காமல் ஓடியது. பெண்கள் நிறைய பேர் ஓட்ட ஆரம்பித்தார்கள். எங்க அம்மாச்சி புதுக்கோட்டைக்காரர். 1990-களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி இயக்கத்தில் பெண்கள் கூட்டம் கூட்டமாக சைக்கிள் கற்றுக்கொண்டபோது அவரும் கற்றுக்கொண்டார். அவர் மிதித்ததும் டன்லப் முறை டயர்தானே.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. டயருக்கு உலகம் முழுவதும் ரப்பர் தேவைப்பட்டது. ஆப்பிரிக்காவில் காங்கோ நாட்டு மக்களை பெல்ஜியம் ராஜாவின் ஆட்கள் அடித்துக் கொடுமைப்படுத்தி ரப்பர் பால் எடுக்க வைத்தார்கள், எத்தனையோ பேர் செத்தார்கள். பிறகு சைக்கிளோடு காரும் வந்தபோது மலேயாவில் காட்டை அழித்து ரப்பர் தோட்டம் போட்டார்கள். அங்கே பால் வெட்டப் போனது நம்ம தமிழ் ஜனங்கள். கங்காணிகள் ஊர் ஊராக ஆள் பிடித்து, நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏற்றினார்கள். போகிறவர்களைத் தங்க வைக்கும் முகாம் ஒன்று ஆவடியில் இருந்தது. அம்பத்தூருக்குப் பக்கத்து ஊர் ஆவடி! அந்த மாட்டு டாக்டர் முற்றத்தில் சக்கரம் உருட்டியபோது இதையெல்லாம் நினைத்திருக்க மாட்டார்.

இப்போ நம்ம காலத்துக்கு வருவோம். எங்க பெரியம்மா மகன் கிண்டி திரு.வி.க. தொழிற்பேட்டையில் வேலை செய்கிறார். ஒரு கியர் சைக்கிள் பழசாக வாங்கி, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலம் ஈ.சி.ஆர். ரோட்டில் நண்பர்களோடு ஓட்டுகிறார். மற்ற நாளில் அதிலேயே வேலைக்கும் போகிறார். அவருக்கு புது சக்கர செட் மாற்றணும் என்று ஆசை. கடையில் சொன்ன விலை அவர் மாசச் சம்பளத்தில் பாதி. பெரியம்மா வீட்டில் இரண்டு வாரம் இதே சண்டை. எங்க தெருவில் சைக்கிள் கடை வைத்திருக்கும் தாத்தாவிடம் நானும் அண்ணனோடு போனேன்.

தாத்தா சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பார்த்தார். எடை குறைந்த ரிம் போட்டால் சிக்னலில் நின்று கிளம்பும்போது லேசாக இருக்கும் என்றார். சுற்றுகிற ரிம்மில் எடை இருந்தால், வேகம் எடுக்கும்போது அது ஏறக்குறைய இரண்டு மடங்காகக் கணக்கு என்று எங்கள் அறிவியல் ஐயாவும் சொன்னார். ஆனால் ஒரே வேகத்தில் நேர் ரோட்டில் போகும்போது அந்த லாபம் அவ்வளவு தெரியாது. அடுத்தது கம்பி. நம்ம பழைய பெரிய சைக்கிளில் முன்னாடி 32, பின்னாடி 40 கம்பி இருக்கும். ரேஸ் சக்கரத்தில் இதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். கம்பி குறைந்தால் எடை குறையும். ஆனால் ஒரு கம்பி அறுந்தாலே சக்கரம் கோணி பிரேக்கில் உரசும், பெண்டு எடுப்பதும் கஷ்டம். ஈ.சி.ஆருக்கு சரி, கத்திப்பாராவுக்குக் கீழே பள்ளம் மேட்டுக்குக் கம்பி நிறைய இருப்பதுதான் நல்லது என்பது தாத்தா கட்சி.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது டயர் விஷயம்தான். ரேஸ்காரர்கள் ரொம்ப வருஷம் 23 மி.மீ. அகல டயரில் கல் மாதிரி காற்று அடித்து ஓட்டினார்கள். மெல்லிசும் கெட்டியும்தான் வேகம் என்ற நம்பிக்கை. இப்போ பெரிய போட்டிகளிலேயே 28 மி.மீ. டயர் வந்துவிட்டது, காற்றும் குறைத்து அடிக்கிறார்கள். சுத்தி வந்து டன்லப்பின் முற்றத்திலேயே நிற்கிறார்கள்! அதனால் புது ரிம் வாங்குவது என்றால், அகல டயர் அதில் உட்காருமா, நம்ம சைக்கிளின் போர்க்கில் இடம் இருக்கா என்று முதலில் பார்க்கணும். அண்ணன் இப்போதைக்கு ரிம்மை மாற்றவில்லை. இருந்த சக்கரத்துக்கே பெண்டு எடுத்து, ஹப்பில் புது பால்ஸ் போட்டு, நல்ல அகல டயர் இரண்டு மாற்றினார். பெரியம்மாவும் சமாதானம் ஆனார்கள்.

டன்லப் 1921-ஆம் ஆண்டு அக்டோபர் 23-ஆம் நாள் டப்ளினில் இறந்தார், வயசு 81. இந்தியாவில் அவர் பெயரில் டயர் தொழிற்சாலை வங்காளத்தில் சாகஞ்சில் 1936-லும், நம்ம அம்பத்தூரில் 1959-லும் வந்தது. இப்போது இரண்டும் ஓடவில்லை.

தடி டயரா, மெல்லிசு டயரா என்று இன்னும் சந்தேகம் இருப்பவர்கள் வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் மைதானத்துக்கு வாருங்கள். கடைத் தாத்தா இரண்டு பழைய சக்கரம் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். ஒன்றில் காற்று நிறைய அடித்து, ஒன்றில் கொஞ்சம் குறைத்து, வேப்ப மரத்தடியில் இருந்து உருட்டப் போகிறோம். பி.டி. சாரிடம் அனுமதி வாங்கியாச்சு.

– 9-ஆம் வகுப்பு மாணவி