அடங்காத மாணாக்கரும் அருவிப்புறத்து ஆசானும்

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட எல்லைக் கிராமங்களில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்குத் தருமம் போதித்துவரும் அன்பர்கள், அண்மையில் நம்மிடம் மனம் சோர்ந்து பேசினர். பிள்ளைகள் கூச்சலிடுவதும் பாடத்தை மறப்பதும் அவர்களை வருத்தவில்லை. பஞ்சசீலத்தைப் பிழையறச் சொல்லும் பையன் ஒருவன், தன் வீட்டார் தாழ்ந்ததென எண்ணும் குடியைச் சேர்ந்த சிறுவன் நீர் மொண்ட குடத்திலே தான் பருக மறுத்து எழுந்து போய்விட்டான். சாதியை உதறவே பௌத்தரானோம். நம் வகுப்பிலேயே இவ்வாறு நேருமாயின் எதற்காகப் போதிப்பது என்பது அவர்கள் கேள்வி. நமக்கும் உடனே விடை சொல்லத் தோன்றவில்லை. ஆயினும் இதே நெய்யாற்றங்கரையில் பணி தொடங்கி, இதே துன்பத்தை வாழ்நாள் முழுதும் பட்ட ஓர் ஆசிரியர் நினைவுக்கு வந்தார்.

ஸ்ரீ நாராயணகுரு 1856-ஆம் ஆண்டில் திருவனந்தபுரத்தை அடுத்த செம்பழந்தியில், ஈழவர் குடியில் பிறந்தார். தந்தையார் மாடன் ஆசானும் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவரே. நாராயணர் சமஸ்கிருதம் பயின்று ஊர் திரும்பித் தாமும் பள்ளி நடத்தியபோது, மக்கள் அவரை நாணு ஆசான் என்றழைத்தனர். பிற்காலத்தில் குரு என உலகம் போற்றியவர் முதலில் திண்ணைப்பள்ளி வாத்தியாராய் இருந்தவர் என்பதை நம் அன்பர்கள் நினைவிற்கொள்வாராக. பின்னர் வீட்டைத் துறந்து தென்னாடெங்கும் அலைந்தார். தமிழ் நூல்களையும் நன்கு கற்றார்.

1888-ஆம் ஆண்டுச் சிவராத்திரியன்று நெய்யாற்றிலிருந்து ஒரு கல்லை எடுத்து அருவிப்புறத்தில் நாட்டினார். பிராமணரல்லாதார் பிரதிஷ்டை செய்வதா என்று நாடு திகைத்தது. சாதிபேதமும் மதத்துவேஷமும் இன்றி அனைவரும் உடன்பிறந்தாராய் வாழத்தக்க இடம் இது என்னும் கருத்தை அங்கே எழுதுவித்தார். லிங்கம் நாட்டியது பற்றிப் பௌத்தராகிய நமக்கு வேறு கருத்து இருக்கலாம். இங்கே நாம் காண வந்தது ஆசிரியரை.

1903-ஆம் ஆண்டில் டாக்டர் பல்புவின் முயற்சியால் ஸ்ரீ நாராயண தரும பரிபாலன யோகம் பதிவாயிற்று. கவி குமாரன் ஆசான் அதன் செயலாளரானார். பள்ளிகள் எழுந்தன, கோயில்கள் எழுந்தன. மாணாக்கரும் ஆயிரக்கணக்காய்ப் பெருகினர். ஆனால் அவர்கள் பாடத்தின் பாதியையே கற்றனர். தமக்கு மேலே இருப்பவன் சாதி பேசுவது அநீதி என்று நன்றாய் விளங்கிக்கொண்டவர்கள், தமக்குக் கீழே நிறுத்தப்பட்ட புலையரைக் கண்டபோது அதை மறந்தார்கள். குரு நிறுவிய கோயில்கள் சிலவற்றிலேயே புலையருக்கு இடமில்லாதிருந்தது. நம் வகுப்பில் குடத்தைத் தள்ளிய பையனும் இந்தப் பாதிப் பாடத்தைக் கற்றவனே.

1916-ஆம் ஆண்டு மே மாதத்தில் குரு டாக்டர் பல்புவுக்கு ஒரு கடிதம் எழுதினார். தம்மைக் கேளாமலே யோகம் தீர்மானங்கள் செய்வதையும், அதில் சாதி அபிமானம் வளர்வதையும் சுட்டி, முன்னமே மனத்தால் விலகிய தாம் இனிச் சொல்லாலும் செயலாலும் விலகுவதாகத் தெரிவித்தார். அவ்வாண்டிலேயே தாம் எச்சாதிக்கும் எம்மதத்துக்கும் உரியவரல்லர் என்று வெளிப்படையாக அறிவித்தார். அறுபது வயதில், தம் பெயராலேயே நடக்கும் சங்கத்தைத் துறப்பது எத்தகைய வேதனை! கோசாம்பியில் பிக்குகளின் கலகம் தீராதபோது பகவான் பாரிலேய்ய வனத்துக்குத் தனியே சென்றதை நாம் அறிவோம். ஆசிரியர் சில வேளை எழுந்து போகத்தான் வேண்டும்.

எனினும் அவர் மாணாக்கரைக் கைவிட்டாரில்லை. 1917-ஆம் ஆண்டில் சேராயி என்னுமிடத்தில் இளைஞர் அய்யப்பன் புலையச் சிறுவரோடு ஈழவரை அமர்த்திச் சமபந்தி நடத்தினார். சொந்தச் சாதியாரே அவரைப் புலையன் என்று ஏசி விலக்கி வைத்தனர். அவ்விளைஞர் குருவிடம் வந்தபோது, பொறுமையோடு அப்பணியைத் தொடருமாறு குரு ஊக்கினார். ஆயிரம் பேர் பாதி கற்றவிடத்து முழுதும் கற்றவன் ஒருவன் வந்து நின்றான். அவனும் சொன்னபடி நடக்கும் பிள்ளையல்லன்! சாதியும் மதமும் தெய்வமும் மனிதர்க்கெல்லாம் ஒன்றே என்று குரு போதித்ததை, சகோதரன் அய்யப்பன் மூன்றும் இல்லையென மாற்றி முழங்கினார். குரு அவரைத் தள்ளினாரில்லை; அன்பு இறுதிவரை குறையவில்லை.

பௌத்தத்தைத் தழுவலாமா என்ற விவாதம் எழுந்தபோதும் மாணாக்கர் இரு பக்கமாக இழுத்தனர். 'மிதவாதி' ஆசிரியர் சி. கிருஷ்ணன் பௌத்தத்தின் பக்கம் நின்றார். குமாரன் ஆசானோ 1923-ஆம் ஆண்டில் மதமாற்றத்தை மறுத்து எழுதினார். எம்மதமாயினும் மனிதன் நல்லவனாக வேண்டும் என்பதே குருவின் நிலை. அவரைப் பௌத்தர் என்று நாம் உரிமை கொண்டாடவில்லை, அது பொய்யாகும்.

அவர் செய்தது வேறு. வர்க்கலைச் சிவகிரியில் புலையர் பிள்ளைகளையும் தம்முடன் வைத்துப் படிப்பித்தார். 1925-ஆம் ஆண்டில் காந்தியடிகள் அங்கு வந்தபோது அப்பிள்ளைகளையும் கண்டார். உபதேசம் செல்லாத இடத்தில் ஒரே பாயில் அமர்த்திக் காட்டினார் எனலாம். 1928-ஆம் ஆண்டு செப்டம்பர் 20-ஆம் நாள் சிவகிரியிலேயே மறைந்தார். அதுவரை அவரைச் சுற்றியிருந்த பூசல்கள் ஓய்ந்தபாடில்லை.

இவ்வரலாற்றை அன்பர்களுக்குச் சொல்லி முடித்தபோது இருட்டிவிட்டது. அந்தப் பையன் இரண்டு ஞாயிறாக வரவில்லையாம். குடத்தை மாற்ற வேண்டாம் என்றோம். வருகிற வாரம் அவன் வீட்டுக்கு நாமும் அவர்களுடன் போவதாக இருக்கிறோம்.