ஓவிய மூதாட்டி

கலை என்பது மாடமாளிகைகளிலும் பெருநகர ஓவியக் கூடங்களிலும் மட்டுமே பிறந்து வளர்வதன்று. அடுக்களையிலும் வீட்டுக் கூடத்திலும், அன்றாட அலுவல்களுக்கு இடையே, அஃது ஓசையின்றி வளர்தலும் உண்டு. மாவு பிசைந்து ரொட்டி சுட்ட கைகளே, கம்பளி நூலால் பூத்தையல் இட்ட கைகளே, பின்னர் உலகம் போற்றும் ஓவியங்களைத் தீட்டின என்றால் வியப்பாக இருக்கின்றது அன்றோ? அக்கைகளுக்கு உரியவர் அமெரிக்க நாட்டில் உழவர் குடியிற் பிறந்த அன்னா மேரி மோசஸ் அம்மையார் ஆவர். முதுமையிற் புகழெய்திய அவரை அந்நாட்டு மக்கள் அன்பு மேலிட்டு மோசஸ் பாட்டி என்றே அழைத்தனர்.

அம்மையார் 1860-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 7-ஆம் நாள், நியூயார்க் மாநிலத்தைச் சார்ந்த கிரீன்விச் என்னும் ஊரில் பிறந்தார். உடன்பிறந்தார் பதின்மருள் அவர் மூன்றாமவர். தந்தையார் ராபர்ட்சன் நிலத்தை உழுது வாழ்ந்தவர். ஆயினும் ஓவியத்தில் நாட்டம் உடையவர். அவர் தம் மக்களுக்கு மிட்டாய் வாங்கித் தருவதினும் வெள்ளைத்தாள் வாங்கித் தருதலையே விரும்பினார். தின்பண்டம் நொடியில் தீர்ந்துவிடும். தாளோ நெடுநேரம் இன்பம் தரும் என்பது அவர் கருத்து. வண்ணம் வாங்குதற்குப் பொருள் இல்லை. ஆதலின், சிறுமி அன்னா திராட்சை முதலிய கனிகளைப் பிழிந்து, அச்சாற்றையே வண்ணமாகக் கொண்டு படம் தீட்டி மகிழ்ந்தார்.

அம்மகிழ்ச்சி நெடுநாள் நீடிக்கவில்லை. குடும்பத்தின் வறுமை காரணமாக, பன்னிரண்டாம் வயதில் அவர் பிறர் வீட்டில் பணிப்பெண்ணாக அமர வேண்டியதாயிற்று. அன்று தொடங்கிப் பதினைந்து ஆண்டுகள் சமைத்தல், தைத்தல், வீட்டைத் தூய்மை செய்தல் ஆகிய பணிகளிலேயே கழிந்தன. பள்ளிக் கல்வி அவருக்கு மிகச் சிறிதே வாய்த்தது. ஒரு வீட்டார், தம் சுவரில் தொங்கிய அச்சுப் படங்களை அவர் ஆர்வத்துடன் நோக்குவதைக் கண்டு, படம் வரைதற்குரிய பொருள்களை அவருக்கு வாங்கி அளித்தனர். எனினும், ஓய்வறியாப் பணிப்பெண்ணுக்கு ஓவியம் வரைய நேரம் ஏது?

1887-ஆம் ஆண்டில், தம் இருபத்தேழாம் வயதில், தாமஸ் மோசஸ் என்னும் பண்ணைத் தொழிலாளரை அம்மையார் மணந்தார். இருவரும் தெற்கே சென்று வர்ஜீனியா மாநிலத்தில் ஷெனான்டோவாப் பள்ளத்தாக்கில் குடியேறி உழவுத் தொழிலை மேற்கொண்டனர். கணவரின் உழைப்பை மட்டுமே நம்பி இருத்தலை அம்மையார் விரும்பவில்லை. வெண்ணெய் கடைந்து விற்றார். உருளைக்கிழங்கு வறுவல் செய்து விற்றார். அவருக்கு மக்கள் பதின்மர் பிறந்தனர். அவருள் ஐவர் குழவிப் பருவத்திலேயே மாண்டனர். பெற்ற வயிறு எத்துணைத் துயருற்றிருக்கும்! அத்துயரையும் நெஞ்சில் தாங்கி, எஞ்சிய ஐவரையும் அவர் பேணி வளர்த்தார்.

1905-ஆம் ஆண்டில் அக்குடும்பம் நியூயார்க் மாநிலத்திற்குத் திரும்பி, ஈகிள் பிரிட்ஜ் என்னும் ஊரில் ஒரு பண்ணையை வாங்கியது. 1918-ஆம் ஆண்டில் ஒருநாள், அம்மையார் வீட்டுச் சுவர்களில் வண்ணத்தாள் ஒட்டிக்கொண்டிருந்தார். தாள் போதாமையால், கணப்படுப்பின் வாயை மூடும் பலகை வெறுமையாக நின்றது. உடனே அவர் அதன்மீது வெள்ளைத்தாளை ஒட்டி, இயற்கைக் காட்சி ஒன்றைத் தீட்டினார். இளமையில் துளிர்த்த கலையார்வம் பட்டுப்போகவில்லை என்பதற்கு அப்பலகையே சான்றாயிற்று.

1927-ஆம் ஆண்டில் தாமஸ் மோசஸ் காலமானார். ஐந்தாண்டுகள் கழித்து, எலும்புருக்கி நோயால் வாடிய தம் மகளைப் பேணும் பொருட்டு அம்மையார் பென்னிங்டன் என்னும் ஊருக்குச் சென்றார். கம்பளி நூலால் படம் ஒன்று தைத்துத் தருமாறு அம்மகள் வேண்டினார். தாயும் இசைந்து ஊசியைக் கையில் எடுத்தார். மலை, மரம், ஆறு, வீடு ஆகியவற்றை நூலினாலேயே துணியில் எழச் செய்தார். பலநிற நூல்களை அடுத்தடுத்து நிரப்பி ஒளியும் நிழலும் தோன்றச் செய்யும் திறம் அவருக்குக் கைவந்தது. அப்படங்களை அவர் விலைக்கு விற்க எண்ணினாரல்லர். உற்றாருக்கும் நண்பருக்கும் வழங்கி மகிழ்ந்தார்.

அந்நிலையில் கீல்வாத நோய் அவர் கைகளைப் பற்றியது. விரல்கள் வீங்கி வலித்தன. ஊசியைப் பிடித்தல் அரிதாயிற்று. வாழ்நாள் முழுவதும் உழைத்தவர்க்கு வாளா இருத்தலினும் பெரிய துன்பம் யாது உளது? ஊசி பிடிக்க இயலாவிடின் தூரிகை பிடிக்கலாமே என அவர்தம் தங்கையார் செலஸ்தியா அறிவுரை கூறினார். மூதாட்டியாரும் அவ்வுரையை ஏற்றார். அப்பொழுது அவர் எழுபது வயதைக் கடந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. ஓவிய ஆசிரியர் ஒருவரிடமும் அவர் பயின்றதில்லை. முதலில் வானம், அடுத்து மலை, அதன்பின் வயலும் வீடும், இறுதியில் மாந்தரும் விலங்குகளும் என மேலிருந்து கீழாகத் தீட்டுவது அவர் வழக்கம். ஊசியால் நூல் நிரப்பிய பழக்கம் தூரிகையிலும் தொடர்ந்தது.

ஒருமுறை, ஊர்ப் பொருட்காட்சிக்குத் தாம் செய்த பழப்பாகையும் பதப்படுத்திய கனிகளையும் கொண்டு சென்ற அம்மையார், சில ஓவியங்களையும் உடன் எடுத்துச் சென்றார். கனிகளுக்கும் பாகுக்கும் பரிசு கிடைத்தது. ஓவியங்களைப் பொருட்படுத்துவார் இலர். அதற்காக அவர் மனம் தளர்ந்தாரல்லர்; தொடர்ந்து தீட்டினார்.

1938-ஆம் ஆண்டில், ஹூசிக் பால்ஸ் என்னும் ஊரின் வழியே லூயி கால்டர் என்பார் சென்றார். அவர் நியூயார்க் நகரத்துப் பொறியாளர். கலைப் பொருள்களைத் திரட்டுவதில் விருப்பம் மிக்கவர். அவ்வூர் மருந்துக் கடை ஒன்றின் முகப்பில் அம்மையாரின் ஓவியங்கள் விற்பனைக்கு வைக்கப்பெற்றிருந்தன. அவற்றின் விலை 3 டாலரும் 5 டாலருமே. கால்டர் அவை அனைத்தையும் வாங்கிக்கொண்டு மூதாட்டியாரின் இல்லத்தைத் தேடிச் சென்றார். அவ்வேளையில் அவர் வீட்டில் இலர். அவர்தம் மருகி, இன்னும் பத்துப் படங்கள் உள எனவும், மறுநாள் வந்தால் காணலாம் எனவும் கூறி அனுப்பினார். அன்றிரவு தேடியபொழுது ஒன்பது படங்களே கிடைத்தன. மருகியின் சொல் பொய்த்தல் ஆகாது எனக் கருதிய மூதாட்டியார், பெரிய படம் ஒன்றை இரண்டாக அறுத்து, இரு சட்டங்களில் பொருத்திப் பத்தாக்கினார்! துணியைச் சிக்கனமாக வெட்டித் தைக்கும் இல்லத்தரசியின் சூழ்ச்சித்திறன் அன்றோ இது!

கால்டர் அப்படங்களுடன் நகரத்து ஓவியக் கூடங்களில் ஏறி இறங்கினார். இத்துணை முதியவர் இனி எத்தனை நாள் வரைவார் எனக் கருதிப் பலர் வாங்க மறுத்தனர். 1939-ஆம் ஆண்டில் அவருடைய ஓவியங்கள் மூன்று நியூயார்க் நவீனக் கலைக்கூடத்துக் காட்சி ஒன்றில் இடம்பெற்றன. மறு ஆண்டு, ஆட்டோ காலிர் என்பார் தம் கூடத்தில் அவருக்கெனத் தனிக்காட்சியே அமைத்தார். அப்பொழுது அம்மையாருக்கு வயது எண்பது.

அவ்வாண்டு நவம்பரில் நியூயார்க் நகரப் பேரங்காடி ஒன்றில் அவருடைய ஓவியங்கள் மீண்டும் காட்சிக்கு வைக்கப்பெற்றன. அவற்றுடன் அவர் சுட்ட பண்டங்களும் பரிசு பெற்ற பழப்பாகும் இடம்பெற்றன. அம்மையாரும் நேரில் சென்றிருந்தார். திரண்டிருந்தோர் ஓவியக் கலை பற்றிய உரையை எதிர்நோக்கினர். அவரோ பழப்பாகு செய்யும் முறையை விளக்கிவிட்டு அமர்ந்தார்! ஓவியம் உயர்ந்தது, அடுக்களைத் தொழில் தாழ்ந்தது என்னும் வேற்றுமை அவர் உள்ளத்தில் இல்லை. இரண்டும் அவர் கைத்திறனே. இரண்டும் பிறர்க்கு மகிழ்வூட்டுவனவே.

அவர் ஓவியங்களிலும் அவ்வுள்ளமே விளங்கக் காணலாம். மேப்பிள் மரத்தின் சாற்றைக் காய்ச்சிச் சர்க்கரை எடுத்தல், ஆப்பிள் பழத்தைக் கிண்டிப் பாகாக்குதல், மகளிர் ஒருங்கு கூடித் துணித் துண்டுகளை இணைத்துப் போர்வை தைத்தல் ஆகிய காட்சிகளை அவர் விரும்பித் தீட்டினார். ஊரார் ஒன்றுகூடிப் பகிர்ந்து செய்யும் பணிகளே அவருடைய பாடுபொருள் எனலாம். 1949-ஆம் ஆண்டில் குடியரசுத் தலைவர் ட்ரூமன் அவருக்கு விருது வழங்கினார். 1960-ஆம் ஆண்டில் அவர்தம் நூறாவது பிறந்தநாளை நியூயார்க் மாநில ஆளுநர் மோசஸ் பாட்டி நாள் என அறிவித்தார். நூறு வயதைக் கடந்த பின்னும் தூரிகையைக் கீழே வையாத அம்மூதாட்டியார், 1961-ஆம் ஆண்டு டிசம்பர் 13-ஆம் நாள், தமது 101-ஆம் வயதில் இயற்கை எய்தினார். அவர் தீட்டிய ஓவியங்கள் 1,500-க்கும் மேற்பட்டவை. ஒருகால் 3 டாலருக்கு விற்ற அவர் கைவண்ணம், 2006-ஆம் ஆண்டில், சர்க்கரை காய்ச்சும் ஓவியம் ஒன்றுக்கு 12 இலட்சம் டாலர் பெற்றது.

விலையின் பெருக்கம் அன்று நாம் இங்குப் போற்றத்தக்கது. பிறர் வீட்டு அடுக்களையில் தொடங்கிய வாழ்வை அவர் இழிவாக எண்ணவில்லை. கற்ற சிறுதொழில் எதனையும் வீணாக்கவில்லை. ஊசி கைவிட்டபொழுது உள்ளத்தைக் கைவிடவில்லை. செய்வது ரொட்டியாயினும் பூத்தையலாயினும் ஓவியமாயினும், அதனைத் திருந்தச் செய்து பிறருடன் பகிர்ந்து மகிழ்தலே அவர் வாழ்வு நமக்கு உணர்த்தும் பாடமாகும்.