கிருபாபாய் சத்தியநாதன்

கிருபாபாய் சத்தியநாதன் (பெப்ரவரி 14, 1862 - ஆகஸ்ட் 3, 1894) ஓர் இந்தியக் கிறித்தவ எழுத்தாளர். ஆங்கிலத்தில் புதினம் எழுதிய முதல் இந்தியப் பெண்களுள் ஒருவர். மராத்தியைத் தாய்மொழியாகக் கொண்ட இவர், திருமணத்துக்குப் பின் சென்னை மாகாணத்தில் வாழ்ந்தார். சகுணா, கமலா என்னும் இரு புதினங்களும், பெண்கல்வி, இல்லறம், குழந்தை வளர்ப்பு ஆகியன பற்றிய கட்டுரைகளும் இவரது முக்கிய படைப்புகளாகும். 19-ஆம் நூற்றாண்டு இந்தியக் கிறித்தவரிடையே மனைவி, தாய் ஆகிய நிலைகள் எவ்வாறு நோக்கப்பட்டன என்பதை அறிய இவரது வாழ்வும் எழுத்தும் உதவுகின்றன.

பிறப்பும் இளமையும்

கிருபாபாய் அன்றைய பம்பாய் மாகாணத்தைச் சேர்ந்த அகமத்நகரில் (இன்றைய அகில்யாநகர்) பிறந்தார். பெற்றோர் ஹரிபந்த் கிஸ்தி, ராதாபாய். அந்தணர் குலத்தைச் சேர்ந்த ஹரிபந்த், அமெரிக்க மராத்தி மிஷனின் வழியாகக் கிறித்தவ சமயத்தைத் தழுவியவர். சிறுவயதிலேயே மணம் செய்விக்கப்பட்டிருந்த ராதாபாய், கணவரின் மதமாற்றத்தை முதலில் ஏற்கவில்லை. உறவினரை விட்டுப் பிரிந்து, விருப்பமின்றியே கணவருடன் சென்ற அவர், காலப்போக்கில் தாமும் அச்சமயத்தை ஏற்றார். தாயின் இந்த அனுபவத்தைக் கிருபாபாய் பின்னர் சகுணா புதினத்தின் தொடக்கப் பகுதியில் விரிவாக எழுதினார்.

இளமையிலேயே தந்தையை இழந்த கிருபாபாய், தாயின் வளர்ப்பிலும் மூத்த சகோதரர் பாஸ்கரின் வழிகாட்டுதலிலும் வளர்ந்தார். தங்கையின் அறிவு ஆர்வத்தை ஊக்குவித்த பாஸ்கர் இளவயதிலேயே இறந்தது இவருக்குப் பேரிழப்பாயிற்று. பின்னர் இவர் பம்பாயில் விடுதிப் பள்ளி ஒன்றில் பயின்றார். அங்கு மருத்துவப் படிப்பில் ஆர்வம் கொண்டார்.

மருத்துவக் கல்வி

இங்கிலாந்து சென்று மருத்துவம் பயிலும் வாய்ப்பு கிருபாபாய்க்குக் கிடைத்தது. ஆனால் உடல்நலக் குறைவு காரணமாக அப்பயணம் கைவிடப்பட்டது. சென்னை மருத்துவக் கல்லூரி 1875-ஆம் ஆண்டிலிருந்து பெண்களைச் சேர்த்து வந்தமையால், 1878-இல் இவர் அக்கல்லூரியில் சேர்ந்தார். முதலாம் ஆண்டில் சிறந்த மாணவியாக விளங்கினார். எனினும் கடும் உழைப்பினால் உடல்நலம் குன்றவே, படிப்பை இடையில் நிறுத்த நேர்ந்தது. மருத்துவராகும் எண்ணம் இத்துடன் முடிவுற்றது.

சத்தியநாதன் குடும்பம்

சென்னையில் கல்வி பயின்றபோது இவர் அருட்திரு டபிள்யூ. டி. சத்தியநாதன் இல்லத்தில் தங்கியிருந்தார். அவர் சிந்தாதிரிப்பேட்டை சீயோன் ஆலயத்தின் குரு. அவரது மனைவி அன்னா சத்தியநாதன், திருநெல்வேலிப் பகுதியின் தொடக்ககாலத் தமிழ் ஆங்கிலிக்க குருமார்களுள் ஒருவரான ஜான் தேவசகாயத்தின் மகள்.

அன்னா சத்தியநாதன் பெண்களுக்கான பள்ளிகளை நடத்தியதுடன், வெளியே வராத பெண்களுக்கு அவர்தம் வீடுகளுக்கே சென்று எழுத்தும் கையல்வேலையும் விவிலியமும் கற்பிக்கும் பணியையும் மேற்கொண்டார். குழந்தை வளர்ப்புப் பற்றி நல்ல தாய் என்னும் நூலைத் தமிழில் எழுதினார். நல்ல தாயாக இருப்பதை ஒரு சமயக் கடமையாகக் கருதிய இவரே வீட்டுக்கு வெளியேயும் ஓயாது பணியாற்றியவர் என்பது குறிப்பிடத்தக்கது. இக்குடும்பத்துக்கே கிருபாபாய் பின்னர் மருமகளாக வந்தார்.

திருமண வாழ்க்கை

கேம்பிரிட்ஜில் பயின்று திரும்பிய சாமுவேல் சத்தியநாதனை கிருபாபாய் மணந்தார். 1872-ஆம் ஆண்டு இந்தியக் கிறித்தவத் திருமணச் சட்டம், இந்தியக் கிறித்தவர் உரிமம் பெற்றவர் முன்னிலையில் செய்துகொள்ளும் மணத்திற்கு, ஆணுக்கு 16 வயதும் பெண்ணுக்கு 13 வயதும் கடந்திருக்க வேண்டும் என்று விதித்திருந்தது. இதனை நோக்க, கற்ற பெண் ஒருத்தி வயது வந்தபின் தன் விருப்பத்துடன் செய்துகொண்ட இம்மணம் அக்காலத்தில் அரிதானதாகும்.

சாமுவேல் உதகமண்டலத்தில் பிரீக்ஸ் நினைவுப் பள்ளியின் தலைமையாசிரியரானார். அங்குக் கிருபாபாய் முசுலிம் சிறுமியருக்காக ஒரு பள்ளியைத் தொடங்கினார். பிற பெண்கள் பள்ளிகளிலும் கற்பித்தார். பின்னர் இவர்கள் ராஜமுந்திரியிலும் கும்பகோணத்திலும் வாழ்ந்து, 1886-இல் சென்னையில் குடியேறினர். சாமுவேல் பின்னாளில் மாநிலக் கல்லூரியில் பேராசிரியராக விளங்கினார். மனைவியின் எழுத்துப் பணிக்கு அவர் துணைநின்றார்.

இவர்களுக்குப் பிறந்த ஒரே குழந்தை ஓராண்டு நிறையுமுன்பே இறந்தது. இத்துயரம் கிருபாபாயின் உடலையும் உள்ளத்தையும் பெரிதும் பாதித்தது.

இல்லறமும் தாய்மையும் பற்றிய கருத்துகள்

19-ஆம் நூற்றாண்டில் கிறித்தவ மிஷன்கள் நடத்திய பெண்கள் பள்ளிகளில் வாசிப்பு, விவிலியம் ஆகியவற்றுடன் தையலும் வீட்டு நிருவாகமும் கற்பிக்கப்பட்டன. படித்த போதகருக்கும் ஆசிரியருக்கும் ஏற்ற மனைவியரை உருவாக்குவது இக்கல்வியின் நோக்கங்களுள் ஒன்றாக இருந்தது. கிறித்தவ இல்லம் பிறருக்கு முன்மாதிரியாக இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு மனைவியின் மீதே பெரும்பாலும் சுமத்தப்பட்டது.

கிருபாபாய் இல்லத்தின் சிறப்பை மறுக்கவில்லை. தாயே குழந்தையின் முதல் ஆசிரியர் என்றும், இல்லத்தில் பெண்ணின் செல்வாக்கு சமுதாயத்தை மாற்றவல்லது என்றும் அவர் கருதினார். ஆனால் இக்கருத்திலிருந்து அவர் அடைந்த முடிவு வேறானது. அறியாமையில் அடைக்கப்பட்ட பெண், பிள்ளைகளை அறிவுடையோராக வளர்க்க இயலாது. ஆகவே தாய்மையின் பெருமையைப் பேசுவோர் பெண்ணின் கல்வியை மறுத்தல் முரணானது என்பது அவரது நிலைப்பாடாகும். மனைவி என்பவள் கணவனுக்குப் பணியாள் அல்லள், அறிவுத் துணை என்றும் அவர் வலியுறுத்தினார்.

திருமணமே பெண்ணின் ஒரே குறிக்கோள் என்னும் எண்ணத்தையும் அவர் ஏற்கவில்லை. ஆங்கிலேயரின் பழக்கங்களை அப்படியே பின்பற்றும் இந்தியக் கிறித்தவரையும், இந்தியரைத் தாழ்வாக நடத்திய மிஷனரிகளையும் தம் எழுத்தில் விமர்சித்தார்.

புதினங்கள்

சகுணா, பெரும்பாலும் இவரது சொந்த வாழ்வைத் தழுவியது. 1887, 1888-ஆம் ஆண்டுகளில் சென்னைக் கிறித்தவக் கல்லூரி இதழில் தொடராக வெளிவந்து, 1895-இல் நூலாக்கம் பெற்றது. கதைத்தலைவி சகுணா தன் உழைப்பால் வாழ விரும்பி மருத்துவம் பயில்கிறாள்; உடல்நலம் குன்றி அதனை விடுகிறாள்; இறுதியில் தன் மனத்துக்கு இசைந்தவரை மணக்கிறாள்.

1894-இல் வெளியான கமலா, இந்துக் குடும்பம் ஒன்றைப் பற்றியது. சிறுமியாகவே மணமுடிக்கப்பட்ட கமலா, மாமியார் வீட்டில் துன்புறுகிறாள். கற்பிக்கத் தொடங்கிய கணவனும் அவளை விட்டு விலகுகிறான். கணவனையும் குழந்தையையும் இழந்த பின், தன்னை நேசிக்கும் உறவினனின் திருமண வேண்டுகோளை மறுத்து, தன் செல்வத்தைக் கைம்பெண்களுக்கும் ஆதரவற்றோருக்கும் செலவிடுகிறாள். தாய்மையை இழந்த பெண்ணின் வாழ்வு பொருளற்றதாகிவிடுவதில்லை என்பதை இம்முடிவு உணர்த்துகிறது. குழந்தையை இழந்த ஒருவர் எழுதியது என்பதால் இது தனிக் கவனம் பெறுகிறது.

மறைவும் நினைவும்

அன்னா சத்தியநாதன் 1890-இலும், டபிள்யூ. டி. சத்தியநாதன் 1892-இலும் மறைந்தனர். காசநோயால் பாதிக்கப்பட்டிருந்த கிருபாபாய், 1894 ஆகஸ்ட் 3 அன்று தமது 32-ஆவது வயதில் காலமானார். சகுணா நூல்வடிவில் வந்ததை அவர் காணவில்லை. இரு புதினங்களும் 1896-இல் தமிழில் மொழிபெயர்க்கப்பட்டன. அவரால் தொடர முடியாத மருத்துவப் படிப்பை ஏனைய பெண்கள் தொடரும் வகையில், சென்னை மருத்துவக் கல்லூரியில் அவர் நினைவாக உதவித்தொகை ஏற்படுத்தப்பட்டது.

சாமுவேல் பின்னர் மணந்த கமலா சத்தியநாதன், 1901-இல் சென்னையில் பெண்களுக்கான ஆங்கில இதழ் ஒன்றைத் தொடங்கி நடத்தினார். நெடுங்காலம் மறக்கப்பட்டிருந்த கிருபாபாயின் புதினங்கள் 1998-இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் பதிப்பகத்தால் மீண்டும் வெளியிடப்பட்டன.

படைப்புகள்

கமலா (புதினம், 1894)
சகுணா (புதினம், 1895)
பல்வகை எழுத்துகள் (கட்டுரைத் தொகுப்பு, 1896)