ரீங்காரச் சிட்டின் தோழர்

அமெரிக்கக் கண்டங்களில் மட்டும் வாழும் சிறு பறவையினம் ஒன்று உண்டு. அது பூவின் முன்னே அந்தரத்தில் நின்று தேன் அருந்துங்கால், விரைந்தடிக்கும் சிறகுகள் ரீங்காரம் செய்யும். ஆதலின் அதனை ரீங்காரச் சிட்டு என்பர். அப்பறவைக்கு உற்ற தோழராய் விளங்கியவர் அகஸ்டோ ருஸ்கி.

இவர் பிரேசில் நாட்டில், எஸ்பிரிட்டோ சாண்டோ மாநிலத்துச் சாண்டா தெரேசா என்னும் மலையூரில் 1915ஆம் ஆண்டு பிறந்தார். இளமையிலேயே ஆர்க்கிட் மலர்களையும் பூச்சிகளையும் தேடிக் காடெங்கும் திரிந்தார். 1949ஆம் ஆண்டில் தம் ஊரில் உயிரியல் அருங்காட்சியகம் ஒன்றை நிறுவினார். அதன் தோட்டத்தில் சர்க்கரை நீர் நிறைந்த கலங்களைத் தொங்கவிட்டார். சிட்டுகள் நாடி வந்தன. அவற்றைக் காண மக்களும் வந்தனர்.

ஒரு பங்கு சர்க்கரைக்கு நான்கு பங்கு நீர் சேர்த்தல் வேண்டும். கலத்தின் செந்நிறம் பறவையின் கண்ணை ஈர்க்கும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கலத்தைக் கழுவி நீரை மாற்றாவிடின், அது புளித்துத் தீங்கு விளைக்கும்.

ஆயினும் இனிப்பு நீர் மட்டும் அவற்றை வாழ்விக்காது. உண்ணச் சிறு பூச்சிகளும், கூடு கட்ட மரங்களும் வேண்டும். அவற்றைத் தருவது காடே. 1977ஆம் ஆண்டில் சாண்டா லூசியாக் காட்டில் பனையினக் குருத்தைப் பதப்படுத்தும் தொழிலைத் தொடங்க மாநில அரசு முனைந்தது. ருஸ்கி அஞ்சாது எதிர்த்து நின்றார். செய்தித்தாள்கள் அவர்தம் போராட்டத்தை நாடெங்கும் பரப்பின. இறுதியில் அத்திட்டம் கைவிடப்பட்டது, காடு பிழைத்தது.

1986ஆம் ஆண்டு ருஸ்கி மறைந்தார். அவர் உடல் அக்காட்டிலேயே அடக்கம் செய்யப்பெற்றது. கலம் தொங்கவிட்டுச் சிட்டை அழைத்தவர், காட்டைக் காத்து அதனை வாழவும் வைத்தார். விருந்தோம்பலின் முழுமை இதுவன்றோ!