புற்றரைக் காவலர் தாமஸ் மாரிஸ்

வென்றோரை வாழ்த்துவது உலக இயல்பு. அவ்வெற்றிக்குரிய களத்தைச் செம்மை செய்து வைத்தோரை நினைப்பவர் மிகச் சிலரே. இவ்விரு நிலையிலும் நின்று, அவற்றுள் தாழ்ந்ததெனப் பிறர் கருதியதனையே தம் வாழ்நாட் பணியாகக் கொண்ட ஒருவர் வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைக்கப் புகுகின்றோம். அவர் ஸ்காத்லாந்து தேயத்துத் தாமஸ் மாரிஸ் என்பார். தம் பெயரே பூண்ட மகனினின்று வேறு பிரித்தறியும் பொருட்டு, முதிய டாம் மாரிஸ் என மக்கள் அவரை வழங்கினர்.

கடலருகே அமைந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் என்னும் பழம்பதியில், நெசவுத்தொழில் புரிந்த ஒருவருக்கு மகனாய், 1821-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் நாள் அவர் பிறந்தார். அவ்வூரின் மணற்பாங்கான புல்வெளியே கோல்ப் ஆட்டத்திற்குப் பேர்போன களமாகும். சிறு பந்தொன்றைக் கோலால் அடித்துத் தொலைவிலுள்ள குழியிற் சேர்ப்பதே அவ்வாட்டம். அடிகள் குறையக் குறையச் சிறப்பு மிகும். மாரிஸ் இளமையிலேயே ஆலன் ராபர்ட்சன் என்னும் வல்லாரிடம் பந்து செய்யும் தொழில் பயின்றார். அக்காலத்துப் பந்து, தோலுறையினுள் இறகினைத் திணித்துத் தைக்கப்படுவது. 1848-ஆம் ஆண்டளவில் மலாய் நாட்டு மரப்பாலாற் செய்த மலிவான பந்து வந்தது. ஆசிரியர் அதனை வெறுத்தார். மாணவர் அதன் நன்மையைக் கண்டார். இதனால் இருவரும் பிரிய நேர்ந்தது.

1851-இல் மாரிஸ் பிரஸ்ட்விக் என்னும் ஊருக்குச் சென்று, பன்னிரண்டு குழிகளையுடைய புதுக்களம் ஒன்றை வகுத்துப் பேணினார். 1860-இல் அவ்விடத்தே முதன்முதல் நிகழ்ந்த பெரும்போட்டியில் இரண்டாமவராய் நின்ற அவர், 1861, 1862, 1864, 1867 ஆகிய நான்காண்டுகளிலும் வாகை சூடினார். இறுதி வெற்றியின்போது அவருக்கு வயது நாற்பத்தாறு. அத்துணை முதிர்ந்த வயதில் அப்போட்டியில் வென்றார் பிறர் இன்றளவும் இலர்.

ஆயினும் அவர்தம் பெருமை அவ்வெற்றிகளோடு முடிவதன்று. 1865-இல் பிறந்த ஊருக்கு மீண்டு, ஆண்டுக்கு ஐம்பது பவுன் ஊதியத்தில் புற்றரைக் காவலராகப் பொறுப்பேற்றார். அன்று அவர் கையில் அளிக்கப்பெற்ற கருவிகள் மூன்றே: கைவண்டி ஒன்று, மண்வெட்டி ஒன்று, மண்வாரி ஒன்று. கடினமான வேலைக்கு வாரத்தில் இரு நாள் ஓர் ஆள் துணை வருவான். நாட்டின் தலைசிறந்த ஆட்டக்காரர் இவற்றைப் பெற நாணினாரல்லர்.

முட்புதர் மண்டி இடுங்கிக் கிடந்த வழிகளை அவர் அகலமாக்கினார். குழிகளைச் சூழ்ந்த புற்றரைகளை விரிவாக்கினார். பதினெட்டாம் குழிக்குரிய புற்றரையைப் புதிதாக அமைத்தார். ஓயாது மணல் தூவுதலே அவர் கைக்கொண்ட தலையாய முறை. கைவண்டியிலிருந்து மணல் கவிழ்ந்த இடத்திற் புல் செழித்ததைக் கண்டு அதனை அறிந்தார் எனக் கூறுவர். மணல், சிறு பள்ளங்களை நிரப்பும். மழைநீரைத் தேங்கவிடாது வடிக்கும். முரட்டுப் புல் ஒடுங்கி மென்புல் தழைக்க உதவும். கொழுத்த எருவினும் மெலிந்த மணலே நற்புல்லுக்கு உகந்தது என்னும் இவ்வுண்மை, இன்றும் அத்தொழிலாளர் போற்றும் நெறியாகும்.

1830-இல் எட்வின் படிங் என்பார் புல் அறுக்கும் பொறியைப் புனைந்தார். பின்னர்ப் பொறி செய்வோர் வெளியிட்ட விலைப்பட்டிகளில், குதிரை இழுக்கும் அறுபொறிகளும், உருளைகளும், குளம்புச்சுவடு புல்லிற் படியாவண்ணம் குதிரைக்கு இடும் தோற்காலணிகளும் இடம்பெற்றன. 1902-இல் பெட்ரோலால் ஓடும் பொறியும் விற்பனைக்கு வந்தது. அப்பழம் பட்டிகளை இன்று அரும்பொருளெனச் சேர்த்து வைப்போர் உளர். அவற்றிற் கண்ட பொறிகள் பல. ஆனால் நிலத்தின் இயல்பறிந்து நடக்கும் அறிவு எப்பட்டியிலும் விலைக்குக் கிடைப்பதன்று.

மாரிஸ் தம் திருச்சபையில் மூப்பராகவும் விளங்கினார். ஞாயிற்றுக்கிழமைகளில் களம் மூடியே இருத்தல் வேண்டும் என்பதில் உறுதியாய் நின்றார். ஆடுவோர்க்கு ஓய்வு வேண்டாவிடினும் நிலத்திற்கு ஓய்வு வேண்டும் என்பதே அவர் கொள்கை. பெரும்போட்டி முதலிய சில நாட்கள் நீங்கலாக, அப்பழங்களம் இன்றும் ஞாயிறுதோறும் ஆட்டமின்றி அமைதியுறுகின்றது. ஓய்வுநாட் கட்டளை மனிதர்க்கேயன்றி மண்ணுக்கும் அருளாகும் என்பதை யாம் இதனால் உணர்கின்றோம்.

அவர் துயரமோ பெரிது. முதல் மகன் நான்கு வயதில் மாண்டான். அப்பெயரே பெற்ற அடுத்த மகன் 1868 முதல் நான்கு போட்டிகளில் வென்று தந்தையினும் புகழ் பெற்றான். 1875 செப்டம்பரில் தந்தையும் மகனும் வேற்றூரில் ஆடிக்கொண்டிருந்தபோது, மகன் மனைவி மகப்பேற்றில் துன்புறுவதாகத் தந்தி வந்தது. படகேறி விரைந்தும் பயனில்லை. தாயும் சேயும் இறந்துபட்டனர். அவ்வாண்டு கிறிஸ்து பிறப்புத் திருநாளன்றே, இருபத்துநான்கு வயது நிரம்பிய அம்மகனும் உயிர் நீத்தான். அடுத்த ஆண்டு மனைவியும் மறைந்தாள். இறுதியில் தம் மக்கள் அனைவரையும் மண்ணுக்கு ஈந்த பின்னும் அம்முதியவர் உயிர் வாழ்ந்தார். இத்துணைத் துயரிடையும் 1903 வரை தம் பணியினின்று அவர் விலகவில்லை. 1908 மே 24-ஆம் நாள், மாடிப்படியில் தவறி வீழ்ந்து உயிர் துறந்தார். பழைய பேராலயக் கல்லறைத் தோட்டத்தில் மகனருகே துயில்கின்றார்.

அன்பர்காள்! பரிசு பெறுவோர் சிலரே ஆவர். களம் பேணும் பணியோ யாவர்க்கும் உரியது. கல்லூரியாயினும் ஆலயமாயினும், நமக்குப் பின் வருவோர் நடத்தற்கு நிலத்தை ஒழுங்குசெய்து வைப்பாரே அதனைத் தாங்குவோர். கைவண்டியும் மண்வெட்டியும் நம் கைக்கு வருங்கால், மாரிஸைப் போல் மகிழ்ந்து ஏற்போமாக.